காசை வாயில் வைத்தால் கான்சர் வருமா?

ஆலங்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. மூத்த பெண்ணுக்கு நாலு வயசு. சின்னவனுக்குப் பதினோரு மாசம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். மாமியார் பூ வியாபாரம். கடிதத்தில் முக்கியமான பகுதியை அவர் எழுதியபடியே தருகிறேன்:

"எங்க அத்தைக்கு அம்பத்தெட்டு வயசு. விடியக்காலம் கீரமங்கலம் போயி பூ எடுத்தாந்து, கட்டி, கோயில் வாசல்லே விப்பாங்க. ரெண்டு கையும் நாரும் பூவுமா இருக்கிறதாலே, வாங்குற காசை உதட்டிலே கவ்விக்கிட்டுத்தான் மீதிச் சில்லறை எடுப்பாங்க. முப்பது வருஷப் பழக்கம். இப்போ நாலு மாசமா இடது கன்னத்துக்கு உள்ளே வெள்ளையா ஒரு படை மாதிரி இருக்கு. காரம் பட்டா எரியுதுன்றாங்க. காசுலே நிக்கல் இருக்கு, அது கான்சரைக் கொண்டாரும்னு என் தம்பி செல்போன்லே வந்ததைக் காட்டினான். என் சின்னவன் வேறே கீழே கிடக்குற காசையெல்லாம் எடுத்து வாயிலே போட்டுக்குறான். எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. வீட்டிலே இருந்த சில்லறை பூராவையும் ஒரு டப்பாவிலே அள்ளிக்கிட்டுப் போயி அம்மன் கோயில் உண்டியல்லே போட்டுட்டேன். இனிமே அத்தையைக் காசு தொட விடாம இருக்கணுமா? புள்ளைக்கு ஏதாச்சும் டெஸ்ட் எடுக்கணுமா?"

அம்மன் உண்டியலுக்கு அன்றைக்கு நல்ல வரும்படி! போகட்டும், அது நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறது. காசுக்கும் அம்மனுக்கும் நம்ம புதுக்கோட்டையில் உறவு பழசு. சமஸ்தானமாக இருந்த காலத்தில் இங்கே புழங்கிய செப்புக் காசுக்குப் பெயரே 'அம்மன் காசு'. ஒரு பக்கம் பிருகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று எழுத்து. ஓரணாவுக்கு இருபது காசு. நவராத்திரியின்போது அரிசியோடு சேர்த்து ஜனங்களுக்கு இதைக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்துவிட்டது. இப்போது பழைய வீடுகளில் பூஜைப் பெட்டியைக் கிளறினால் ஒன்றிரண்டு அகப்படலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். காசில் என்னதான் இருக்கிறது?

நாம் இன்றைக்குப் புழங்குகிற ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் பெரும்பாலும் ஒருவகை எவர்சில்வர். நூற்றுக்கு 83 பங்கு இரும்பு, 17 பங்கு குரோமியம். அதில் நிக்கலே கிடையாது. மஞ்சளாக இருக்கும் ஐந்து ரூபாயில் செம்பு 75 பங்கு, துத்தநாகம் 20, நிக்கல் 5. பத்து ரூபாயைச் சுற்றியிருக்கும் மஞ்சள் வளையம் செம்பும் அலுமினியமும் கலந்தது. 2020-ல் வந்த, பன்னிரண்டு பட்டை போட்ட இருபது ரூபாயில்தான் கொஞ்சம் தாராளம். அதன் வெளி வளையத்தில் 20 பங்கு நிக்கல். இதெல்லாம் ஒன்றுமே இல்லை. 1950-ல் சுதந்திர இந்தியா முதன்முதலாக அச்சடித்த ஒரு ரூபாய் நாணயம் முழுக்க முழுக்க நிக்கல். நம் பாட்டிமார்கள் அதைத்தான் முந்தானையில் முடிந்துகொண்டு சந்தைக்குப் போனார்கள்.

செல்போனில் வந்த செய்தியைச் சுத்தப் புளுகு என்று தள்ளிவிடவும் முடியாது. அதில் ஒரு துளி நிஜம் இருக்கிறது. அதுதான் வம்பே. முழுப்பொய்யை யாரும் நம்பமாட்டார்கள். ஒரு சிட்டிகை உண்மையைத் தூவிக் கொடுத்தால் படித்தவர்கள்கூட மயங்கிவிடுகிறார்கள்.

அந்தத் துளி நிஜம் என்னவென்றால், இங்கிலாந்துப் பக்கம் வேல்ஸில் கிளைடாக் என்று ஒரு ஊர். அங்கே நிக்கலைச் சுத்திகரிக்கும் பெரிய தொழிற்சாலை. அதில் வேலை பார்த்த ஆண்களுக்கு நுரையீரலிலும், மூக்குக்கு உள்ளேயும் புற்றுநோய் அதிகமாக வந்தது. மூக்கில் புற்றுநோய் என்பது மற்றபடி மிக அபூர்வம். சூளையிலிருந்து கிளம்பும் நிக்கல் தூசியை வருஷக்கணக்கில் மூச்சோடு இழுத்ததன் பலன் அது. 1930-க்கு முன்பு அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள்தான் மிகவும் அடிபட்டார்கள். பிற்பாடு வேலை முறைகளை மாற்றிய பிறகு குறைந்தது. இதையெல்லாம் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1990-ல், நிக்கலின் கூட்டுப்பொருள்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் வகுப்பில் சேர்த்தது. ஒருவகைக் குரோமியக் கூட்டுப்பொருளையும் அப்படியே சேர்த்தது.

ஆனால் உலோகம் வேறு, அதன் கூட்டுப்பொருள் வேறு. இரும்பும் துருவும் ஒன்றா? இரும்புக் கரண்டியால் தாளிக்கிறோம். துருவைச் சுரண்டித் தாளிப்போமா? உலோகமாக இருக்கிற குரோமியத்தைப் புற்றுநோய்க் காரணியாக அந்த அமைப்பு வகைப்படுத்தவே இல்லை. உலோக நிக்கலை மட்டும், மிருகங்களுக்குள் செலுத்திப் பார்த்த சோதனைகளை வைத்து, 'இருக்கக்கூடுமோ' என்ற சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறது. காசைத் தொட்டதால், எண்ணியதால், மடியில் கட்டியதால், ஏன், உதட்டில் கவ்வியதால் மனிதருக்குக் கான்சர் வந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

நம்பிக்கை வரவில்லையென்றால் அடுக்களைக்குள் போய்ப் பாருங்களேன். நாம் சாம்பார் கொதிக்க வைக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் பொதுவாகக் குரோமியம் 18 பங்கு, நிக்கல் 8 பங்கு. நாலு வீட்டுச் சில்லறையைச் சேர்த்தாலும் ஒரு குடத்தில் இருக்கிற நிக்கலுக்கு ஈடாகாது. புளியும் தக்காளியும் போட்டுக் கொதிக்க வைக்கும்போது துளியூண்டு கரையத்தான் செய்கிறது. அதனால் புற்றுநோய் வருவதில்லை. ஈயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ புளி போட்டு வைத்தால் களிம்பு ஏறும், வாந்தி வரும். அதற்காகத்தான் ஈயம் பூசச் சொல்லி வைத்தார்கள். அதுவும் கான்சர் சங்கதி இல்லை.

நிக்கல் பெண்களுக்குச் செய்கிற தொந்தரவு ஒன்று உண்டு. அதை யாரும் செல்போனில் அனுப்பிப் பயமுறுத்துவதில்லை! அது அரிப்பு. கவரிங் தோடு போட்டதும் காது புண்ணாகிறதே, அது. கைக்கடிகாரப் பட்டைக்குக் கீழே, உள்பாடிக் கொக்கி படுகிற முதுகில், தாலிச்சரட்டில் கொத்தாக ஊக்கு மாட்டிக்கொள்கிறோமே அந்த மார்புப் பள்ளத்தில், கறுத்துத் தடித்து நமைச்சல் எடுக்கும். சேலை உரசியது, சோப்பு சேரவில்லை என்று நாம் பாட்டுக்கு ஏதேதோ காரணம் சொல்லிக்கொள்வோம். 2002-ல் ஐரோப்பாவில் யூரோ நாணயம் வந்தபோது, அந்த ஒரு யூரோ, இரண்டு யூரோ காசுகளில் இரண்டுவித உலோகம் ஒட்டியிருப்பதால் கைவியர்வை பட்டதும் நிக்கல் கூடுதலாக வெளியாகிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்து எழுதினார்கள். அங்கேயும் பேச்செல்லாம் தோல் ஒவ்வாமை பற்றித்தான். உங்களுக்கு அந்த மாதிரி அரிப்பு இருந்தால் தாலிச்சரட்டிலிருந்து ஊக்குகளைக் கழற்றி வேறே எங்கேயாவது வையுங்கள். ஒரு மாசத்தில் தெரிந்துவிடும்.

இப்போது அந்தப் பதினோரு மாசத்துப் பிள்ளை. டெஸ்ட் ஒன்றும் வேண்டாம். ஆனால் காசை வாயில் போட விடவே கூடாது. காரணம் கான்சர் இல்லை, தொண்டை. ஊரெல்லாம் கைமாறி வந்த அழுக்குக் காசு, வயிற்றுப்போக்குக்குக் கேட்பானேன். அதைவிடப் பெரிசு, விழுங்கிவிடுவது. விழுங்கிய காசு வயிற்றுக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் சில நாளில் மலத்தோடு வெளியே வந்துவிடும். உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால்தான் ஆபத்து. பிள்ளை ஜொள்ளாக வடிக்கும், பாலைக் குடிக்காமல் துப்பும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். ஒரு எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும் விழுங்கியது நிச்சயமென்றால் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. வாழைப்பழத்தை ஊட்டி உள்ளே தள்ளப் பார்ப்பது, வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலை விட்டுத் துழாவுவது, தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்குவது, இதெல்லாம் கூடாது. நம் வீட்டுப் பெரியவர்கள் செய்வார்கள். மரியாதையாகத் தடுத்துவிடுங்கள்.

இதைவிட முக்கியமாக இன்னொன்று சொல்கிறேன், தயவுசெய்து மனசில் வைத்துக்கொள்ளுங்கள். காசு மாதிரியே வட்டமாக, பளபளப்பாக, சின்னதாக ஒரு பொருள் இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கடிகாரத்தில், பாட்டுப் பாடும் பொம்மையில், எடை பார்க்கும் கருவியில், சின்ன ரிமோட்டில் போடுகிற பொத்தான் பேட்டரி. குழந்தையின் உணவுக்குழாயில் அது மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையைச் சுட்டுப் பொத்தலாக்க ஆரம்பித்துவிடும். காசு என்றால் டாக்டர் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்பார். பேட்டரி என்றால் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்கமாட்டார். 'காசுதானே முழுங்கியிருக்கும்' என்று நாமே முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம். தீர்ந்துபோன பேட்டரியை ஜன்னல் விளிம்பில் வைக்காதீர்கள். தீர்ந்ததிலும் சக்தி மிச்சமிருக்கும்.

நம் ஊரில் காசைப் பற்றிக் கிளம்பும் புரளிக்குக் குறைச்சலே இல்லை. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று ஒருத்தர் கிளப்பிவிட, பஸ்ஸிலும் கடையிலும் வாங்க மறுத்துச் சண்டை போட்டது நினைவிருக்கும். ரிசர்வ் வங்கி 2016-லும், மறுபடி 2018-லும், எல்லா விதப் பத்து ரூபாயும் செல்லும், செல்லும் என்று சொல்லவேண்டியிருந்தது. அதற்கும் முன்னால் செல்போனுக்குப் பணம் போடும் அட்டை வந்த காலத்தில் இன்னொன்று: 'அட்டையில் உள்ள வெள்ளிப் பூச்சை நகத்தால் சுரண்டாதீர்கள், தோல் கான்சர் வரும், காசால் சுரண்டுங்கள்!' அந்தக் கதையில் நம்மைக் காப்பாற்ற வந்ததே காசுதான். இப்போது அதையே வில்லனாக்கிவிட்டார்கள்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றால், பெண்கள் விஷயத்தில் ஒரு புரளி நிஜமாகவே கெடுதல் செய்கிறது. செம்பு என்றதும் ஞாபகம் வந்தது. பிரசவமானதும் போட்டுக்கொள்கிற காப்பர் டி. 'கர்ப்பப்பையில் செம்பை வைத்தால் புண்ணாகிக் கான்சராகிவிடும்' என்று யாரோ சொல்ல, ஓடிப்போய் எடுத்துவிட்டு, ஏழாம் மாசத்திலேயே அடுத்ததைச் சுமந்துகொண்டு வந்து நிற்கிற பெண்கள் எத்தனை பேர்! காப்பர் டி-யால் கர்ப்பப்பையிலோ கர்ப்பப்பை வாயிலோ புற்றுநோய் வருவதில்லை. பல நாட்டுப் பெண்களை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளில், அது போட்டிருந்தவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் குறைவாகவே இருந்திருக்கிறது. முதல் சில மாசம் தீட்டு அதிகமாகப் போகலாம், அடிவயிறு இழுத்துப் பிடிக்கலாம். அது சரியாகவில்லை என்றால் டாக்டரம்மாவிடம் காட்டி வேறு முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். அது உங்கள் இஷ்டம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று எடுக்காதீர்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு மறுபடி அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். நாலாம் பக்கத்தின் ஓரத்தில், குறுக்குவாட்டில், இடம் போதாமல் நுணுக்கி எழுதியிருந்த ஒரு வரி: "அத்தையோட சுருக்குப் பையிலே வெத்தலை, பாக்கு, பொகையிலையோட காசும் கலந்தே கிடக்கும். அதனாலே காசு இன்னும் விஷமாகுமா?"

அம்மா, தாயே! கேள்வியை நீ தலைகீழாகக் கேட்டிருக்கிறாய். அந்தப் பைக்குள் விஷம் இல்லாத சாமான் இரண்டுதான். ஒன்று வெற்றிலை, இன்னொன்று காசு.

கடிதத்தில் போன் நம்பர் கொடுத்திருந்தார். பத்திரிகை வரும்வரை காத்திருக்கிற சமாசாரம் இல்லை என்பதால் அன்று சாயந்தரமே கூப்பிட்டேன். அத்தையே எடுத்தார். எத்தனை வருஷமாகப் புகையிலை என்று கேட்டேன். "எம் பெரிய மவன் வயித்திலே இருக்கையிலே ஆரம்பிச்சதும்மா. ரெண்டு மணிக்கு எந்திரிச்சு பூவுக்குப் போவணும். கண்ணு சொருகும், வவுறு கத்தும். ஒரு துண்டு அடக்கிக்கிட்டா ரெண்டும் தெரியாது" என்றார். எந்தப் பக்கம் அடக்கிக்கொள்வீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் மெதுவாக, "எடப்பக்கந்தான்" என்றார்.

காசைக் கவ்வியது உதட்டில். படை இருப்பது கன்னத்தில், புகையிலை அடக்குகிற அதே பக்கத்தில். இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. கன்யாகுமரி மாவட்டத்து நெய்யூர், அந்தக் காலத்தில் திருவாங்கூர் சமஸ்தானம். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த ஆர் என்ற டாக்டர், வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களுக்கு வாயில் வரும் புற்றுநோயைப் பற்றி 1933-லேயே லண்டன் மருத்துவப் பத்திரிகையான லான்செட்டில் எழுதினார். தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகிறது. 'புகையிலைதானே கெடுதல், வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது' என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. தைவான் நாட்டில் பெரும்பாலும் புகையிலை சேர்க்காமலே பாக்கு மெல்லுகிறார்கள். அங்கேயும் வாய்ப் புற்றுநோய் ஏராளம். மேலே சொன்ன அதே ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் பாக்கையும், நிக்கல் கூட்டுப்பொருளைப் போலவே, முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. வாய்க்குப் போகிற புகையிலையும் அங்கேதான் இருக்கிறது. காசு அந்தப் பட்டியலில் இல்லை, பாக்கு இருக்கிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் பாக்கின் காரியம் இன்னும் துரிதப்படும். பாக்கெட்டில் வருகிற வாசனைப் பாக்கும் பாக்குதான். அது பல்லுப் போன கிழவிகளின் பழக்கம் இல்லை, பள்ளிக்கூடத்துப் பையன்கள் பையில் இருக்கிறது.

கல்யாணப் பந்தியில் தாம்பூலம் கொடுக்கிறோமே, அதுவும் தப்பா என்று கேட்பீர்கள். வருஷத்தில் நாலு தரம் மென்று துப்புவதைப் பற்றி நான் பேசவில்லை. தட்டில் வைத்து மங்கலமாகக் கொடுங்கள், யார் வேண்டாமென்றார்கள். தினம் பத்து தரம் கன்னத்தில் ஊறப்போடுவதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

வாயைப் பார்த்துக்கொள்வது சிரமமில்லை. பகல் வெளிச்சத்தில், கையகலக் கண்ணாடி போதும். உதட்டை மடித்து உள்பக்கம், இரண்டு கன்னத்தையும் விரலால் இழுத்து, நாக்கை நீட்டி, அதன் அடிப்பக்கம், பக்கவாட்டு எல்லாம் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளைப் படை, வெல்வெட்டுப் போலச் சிவந்த இடம், இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், தடிப்பு, காரம் பட்டால் எரிச்சல் – ஏதாவது ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டவேண்டும். வலி இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள். ஆரம்பத்தில் வலிக்காது, அதுதான் சூது. பாக்குப் பழக்கம் உள்ளவர்கள் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். தங்களுடைய நடு மூன்று விரலைச் சேர்த்து நெடுக்குவாட்டில் வாய்க்குள் வைக்க முடிகிறதா? முடியாமல் வாய் இறுகிக்கொண்டு வந்தால் உள்தோல் தடித்து நார்நாராகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதுவும் புற்றுநோய்க்கு முந்தின நிலைகளில் ஒன்று.

எல்லா வெள்ளைப் படையும் கான்சர் ஆகாது. பழக்கத்தை விட்டதும் மறைந்துபோகிற படைகளும் உண்டு. எது எப்படி என்று நம் கண்ணால் சொல்ல முடியாது. ஒரு மிளகளவு சதையை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் சொல்லமுடியும். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று பயந்து இதற்குச் சம்மதிக்காமலே முற்றவிடுகிறவர்கள் நம் பக்கத்தில் அதிகம். அந்தப் பரிசோதனையால் நோய் பரவாது. முப்பது வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கிறார்கள். புதுக்கோட்டையில் 2017-லிருந்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 2023-லிருந்து அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. வாய்க்குள் இருப்பதைப் பார்ப்பதற்கு அவர்களைவிடத் தேர்ந்தவர்கள் வேண்டுமா?

கான்சர் என்றாலே சென்னைக்குப் போகவேண்டும், அடையாறுக்குப் போகவேண்டும் என்று சொல்வது நம் வழக்கம். அந்த அடையாறு ஆஸ்பத்திரிக்கு வித்து விழுந்ததே புதுக்கோட்டையில் பிறந்த ஒரு பெண்ணின் மனசில் என்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. 1886-ல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, பெண் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கக்கூடாது என்று ஊரே எதிர்த்தபோது மகாராஜாவின் அனுமதியால் மன்னர் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றார். 1923-ல் அவருடைய தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. டாக்டராக இருந்தும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது. அந்த நோய்க்கென்றே ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்று முப்பது வருஷம் விடாமல் அலைந்து, 1954-ல் பன்னிரண்டு படுக்கையோடு ஆரம்பித்தார். இப்போது ஒரு பூக்காரம்மாவின் கன்னத்தில் இருக்கும் படையைக் காட்டுவதற்குச் சென்னை வரை போகவேண்டாம். உள்ளூரிலேயே முதல் பரிசோதனை ஆகிவிடும். அதற்கும் சுணங்கினால் எப்படி?

புகையிலையை விடுவது எளிது என்று நான் சொல்லமாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பூ மூட்டை தூக்குகிறவரிடம், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு 'விட்டுவிடுங்கள்' என்று உபதேசம் பண்ண எனக்கு நா எழவில்லை. பசியை அடக்கத்தானே போடுகிறார்? அந்த நேரத்துக்கு ஒரு டம்ளர் கஞ்சியோ, நாலு இட்டிலியோ கையில் கட்டிக்கொடுக்க மருமகளால் முடியும். வாய் துறுதுறுக்கும்போது சோம்பு, கிராம்பு, கொட்டை எடுத்த நெல்லி வற்றல் எதையாவது போட்டுக்கொள்ளலாம். முதல் பத்து நாள் எரிச்சலும் கோபமும் வரும், வீட்டில் உள்ளவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1800-11-2356 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், புகையிலையை விடுவதற்கு வழி சொல்லி உதவுகிறார்கள். காசு கிடையாது.

அந்தச் சகோதரி போன வாரம் மறுபடி பேசினார். அத்தையை அழைத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டார்களாம். சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "ஊசி போட்டுத்தான் எடுத்தாங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சாம்" என்றார். இந்தப் பக்கம் அச்சுக்குப் போகிறவரை ரிப்போர்ட் வரவில்லை. அத்தை புகையிலையை நிறுத்தி ஒன்பது நாளாகிறது, பாக்கு மட்டும் இன்னும் ஒரு வேளை ஓடுகிறதாம். வியாபாரத்துக்குப் போகும்போது காசு போட ஒரு தகர டப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சுருக்குப் பை இப்போது மருமகள் பீரோவில்.